வேல்ஸ் நாட்டுக் கில்ட் உடை

பழமை எனப் போற்றப்படுவன எல்லாம் பழமையானவை அல்ல. வேல்ஸ் ஆடவர் விழாக்களில் உடுத்தும் கில்ட் இதற்குச் சான்று.

கட்டமிட்ட கம்பளித் துணியை மடித்து அரையில் உடுத்தும் இவ்வுடை, ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கு உரியது. 1746இல் மலைநாட்டார் கலோடன் போரில் தோற்றபின், பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதனைச் சட்டத்தால் தடுத்தது. படைவீரர்க்கு மட்டும் விலக்களித்தது. 1782இல் தடை நீங்கிற்று. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவில் அவ்வுடையுடன் தோன்றவே, அஃது ஸ்காட்லாந்தின் நாட்டுடையாக உயர்ந்தது.

வேல்ஸின் கதை வேறு. 1834இல் கார்டிப் கலைவிழாவில், தாய்மொழியையும் நாட்டுடையையும் காக்க வேண்டுமெனக் கட்டுரை வரைந்து பரிசு பெற்ற அகஸ்டா ஹால் அம்மையார் பெரிதும் போற்றியது மகளிர் உடையையே. தூய தாவீதின் பெயர் பூண்ட கட்டத்துணியோ 1960களில் பிறந்தது. குடும்பப் பெயர்த் துணிகள் அதற்கும் பிந்தியவை.

ஆதலின் குடும்பத்துணி இல்லையே என வருந்த வேண்டா. தாவீதின் துணி எவர்க்கும் பொருந்தும். மடிப்புகள் பின்புறமும், மடிப்பில்லாப் பகுதி முன்புறமும் அமைதல் வேண்டும். மேற்பகுதியின் ஓரம் வலப்பக்கம் விழும். கீழ்விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்கும். அலங்கார ஊசி மேல்துணியை மட்டுமே பற்றவேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுபட்டுக் கிழியும்.

“இது பழைய உடையா?” என மாணவன் வினவினால், ஆண்டைச் சொல்லுதலே ஆசிரியர் கடன். புதியது என்பதால் இழிவில்லை. நாட்டன்பே அதற்குப் பெருமை தரும், பொய்ப்பழமை தராது.