முன்னாள் அதிபரே ஓட்டு கேட்டும் மனைவி தோற்றது எப்படி? ‘பிரைமரி’ தேர்தல் என்றால் என்ன? ராயபுரத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

கணவர் பெரிய தலைவர். பதவியில் இருந்து இறங்கியாச்சு. இப்போ மனைவி களத்தில் நிற்கிறார். கணவர் ஊர் ஊராகப் போய் ஓட்டு கேட்கிறார். இந்தக் காட்சி நமக்குப் புதுசு இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியிலும் விருதுநகரிலும் பார்த்ததுதான்.

ஆனா அமெரிக்காவில் 2008ல் நடந்ததில் ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கே முன்னாள் அதிபர் பில் கிளின்டன் தன் மனைவி ஹிலாரிக்காக ஓட்டு கேட்டது எதிர்க்கட்சியை ஜெயிக்க இல்லை. சொந்தக் கட்சியில் சீட் வாங்குவதற்காக! அதிலும் ஹிலாரி தோற்றார். தோற்கடித்தவர்கள் அதே கட்சிக்கு ஓட்டு போடும் சாதாரண மக்கள்.

சீட் கொடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்? தலைவர் குடும்பத்தில் ஒருவர் அரசியலுக்கு வரும்போது ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ யார் சொல்ல வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பிரைமரி என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, ஃபைனலுக்கு முன்னாடி நடக்கும் செமி ஃபைனல். ஒரு கட்சியில் வேட்பாளராக நான்கு பேர் ஆசைப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் யார் வேட்பாளர் என்பதை முடிவு செய்ய அந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டு போடுவார்கள். இதுதான் பிரைமரி.

அதிபர் தேர்தலில் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி தேதியில் இது நடக்கும். சில மாநிலங்களில் அந்தக் கட்சி ஆதரவாளராகப் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் ஓட்டு போடலாம். தெற்கு கரோலினா போன்ற மாநிலங்களில் எந்த வாக்காளரும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டு போடலாம். அயோவா போன்ற சில இடங்களில் ‘காகஸ்’ என்ற பெயரில் வாக்காளர்கள் ஒன்றுகூடி, பேசி, ஆதரவைப் பதிவு செய்யும் முறை இருந்தது.

இதில் கிடைக்கும் ஓட்டுக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் பிரதிநிதிகள் சேருவார்கள். பெரும்பான்மைப் பிரதிநிதிகளைப் பெறுபவர் கட்சி மாநாட்டில் வேட்பாளராக அறிவிக்கப்படுவார்.

2008ல் என்ன நடந்தது?

பில் கிளின்டன் 1993 முதல் 2001 வரை இரண்டு முறை அதிபராக இருந்தவர். அமெரிக்க அரசியல் சட்டப்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஹிலாரி 2001 முதல் நியூயார்க் மாநில செனட்டர். 2008 அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி போட்டியில் ஆரம்பத்தில் முன்னணியில் இருந்தவர் அவர்தான்.

ஜனவரி 3ஆம் தேதி அயோவாவில் அதிர்ச்சி. பராக் ஒபாமா முதலிடம், ஹிலாரி மூன்றாமிடம். ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி ஜெயித்து திருப்பிக் கொடுத்தார். அடுத்த பெரிய களம் தெற்கு கரோலினா. அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டு போடுபவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். அவர்களிடம் பில் கிளின்டனுக்கு நீண்ட நாள் செல்வாக்கு உண்டு. அதை நம்பி அவரே களத்தில் இறங்கினார்.

அங்கேதான் சிக்கல். மனைவியைப் பற்றிப் பேசியதைவிட ஒபாமாவைத் தாக்கிப் பேசியதுதான் செய்தியானது. ஈராக் போர் விவகாரத்தில் ஒபாமா சொல்வதெல்லாம் கற்பனைக் கதை என்று நியூ ஹாம்ப்ஷயரில் அவர் பேசியது ஏற்கனவே சர்ச்சையாகி இருந்தது. தெற்கு கரோலினாவில் வாக்குப்பதிவு நாளன்று, கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் 1984, 1988ல் இங்கே ஜெயித்தவர்தான் என்று குறிப்பிட்டார். ஒபாமாவை ஒரு இனத்தின் வேட்பாளராகச் சுருக்கிக் காட்டும் பேச்சு இது என்று கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது.

ஜனவரி 26ஆம் தேதி முடிவு வந்தது. ஒபாமாவுக்கு சுமார் 55 சதவீதம், ஹிலாரிக்கு சுமார் 27 சதவீதம். கறுப்பின வாக்காளர்களில் ஐந்து பேரில் நான்கு பேர் ஒபாமா பக்கம். இரண்டே நாளில் கட்சியின் மூத்த தலைவர் எட்வர்ட் கென்னடி ஒபாமாவுக்கு ஆதரவு அறிவித்தார்.

போட்டி ஜூன் வரை இழுத்தது. ஜூன் 7ஆம் தேதி ஹிலாரி விலகி, ஒபாமாவை ஆதரித்தார். தோல்விக்கு பில் கிளின்டனின் பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஈராக் போருக்கு ஹிலாரி ஆதரவாக வாக்களித்தது, ஒபாமா அணியின் திட்டமிடல் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனா முன்னாள் அதிபர் என்ற செல்வாக்கு மட்டும் சீட் வாங்கித் தராது என்பது அன்றைக்கே தெரிந்துபோனது.

2016ல் நிலைமை மாறியது. இடையில் வெளியுறவு அமைச்சராக இருந்து தனக்கென ஒரு இடம் பிடித்திருந்த ஹிலாரி, பெர்னி சாண்டர்ஸை வீழ்த்தி வேட்பாளர் ஆனார். அதே தெற்கு கரோலினாவில் 70 சதவீதத்துக்கும் மேல் வாங்கினார். பிறகு நவம்பரில் டொனால்ட் டிரம்ப்பிடம் தோற்றார் என்பது தெரிந்த கதை.

சரி, நம்ம ஊர்ல சீட் எப்படிக் கிடைக்குது?

போட்டியிட விரும்புபவர்கள் கட்சித் தலைமை அலுவலகத்தில் கட்டணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார்கள். பிறகு நேர்காணல். கடைசியில் தலைமை பட்டியலை வெளியிடும். கட்சி சார்பில் கையெழுத்து போடும் அதிகாரம் உள்ளவர் தரும் ஏ, பி படிவங்கள் கையில் வந்தால்தான் கட்சிச் சின்னம் கிடைக்கும்.

இதில் உறுப்பினர்கள் ஓட்டு போடும் கட்டமே கிடையாது. கட்சிகள் பதிவு செய்வதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் விதிகள் உண்டு. ஆனா வேட்பாளரை எப்படித் தேர்வு செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது கட்சியின் உள் விவகாரம்.

தருமபுரி, விருதுநகர்: 2024ல் நடந்தது என்ன?

அன்புமணி ராமதாஸ் 2004 முதல் 2009 வரை மத்திய சுகாதார அமைச்சர். 2014ல் தருமபுரியில் ஜெயித்தவர், 2019ல் அங்கேயே தோற்றவர். 2024ல் பாமக தருமபுரி வேட்பாளராக முதலில் அரசாங்கம் என்பவர் அறிவிக்கப்பட்டார். பிறகு அந்தப் பெயர் மாற்றப்பட்டு, அன்புமணியின் மனைவியும் பசுமைத் தாயகம் அமைப்பின் தலைவருமான சௌமியா அன்புமணி வேட்பாளர் ஆனார். அப்போது கட்சித் தலைவராக இருந்த அன்புமணி மனைவிக்காகத் தீவிரப் பிரசாரம் செய்தார். வாக்கு எண்ணிக்கையில் பல சுற்றுகள் சௌமியா முன்னிலையில் இருந்தும், கடைசியில் திமுகவின் ஆ.மணி 21,300 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

விருதுநகரில், தன் கட்சியை பாஜகவுடன் இணைத்த சரத்குமார், மனைவி ராதிகாவுக்காக ஓட்டு கேட்டார். ராதிகா மூன்றாம் இடம். காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், தேமுதிகவின் விஜய பிரபாகரனை 4,379 ஓட்டில் முந்தினார். அந்த விஜய பிரபாகரனும் ஒரு கட்சித் தலைவரின் மகன்தான்.

இரண்டு இடத்திலும் மக்கள் பதில் சொல்லிவிட்டார்கள். ஆனா அந்தப் பதில் ஃபைனலில் வந்தது. அறிவித்த பெயரை மாற்றி வேறொருவருக்கு சீட் கொடுக்கலாமா என்ற கேள்வி தருமபுரி பாமக தொண்டர்களிடம் வாக்குச்சீட்டாக வரவே இல்லை. அவர்கள் ‘வேண்டும்’ என்றே சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

இதில் ராயபுரம் எங்கே வருது?

தலைவரின் துணைவிக்குக் கட்சியில் என்ன இடம் என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஒரு பெரிய கட்சியையே உருவாக்கியது. அது உருவான இடம் ராயபுரம் ராபின்சன் பூங்கா.

1949 ஜூலை 9ஆம் தேதி திராவிடர் கழகத் தலைவர் பெரியார், மணியம்மையைத் திருமணம் செய்தார். இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் தனக்குப் பிறகு பாதுகாக்க நம்பிக்கையான வாரிசு வேண்டும் என்பது அவர் தரப்பு விளக்கம். அண்ணா உள்ளிட்டவர்கள் இதை ஏற்கவில்லை. 1947 சுதந்திர நாளை எப்படிப் பார்ப்பது என்பது போன்ற வேறு கருத்து வேறுபாடுகளும் ஏற்கனவே இருந்தன. 1949 செப்டம்பரில் திமுக பிறந்தது. கொட்டும் மழையில் ராபின்சன் பூங்காவில் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. தலைவர் நாற்காலி பெரியாருக்காகக் காலியாக வைக்கப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளர் ஆனார்.

பெரியார் 1973 டிசம்பரில் மறைந்த பிறகு, மணியம்மை 1978ல் மறையும் வரை திராவிடர் கழகத்துக்குத் தலைமை தாங்கினார். கட்சிக்குள் ஓட்டு போட்டு பேசித் தீர்க்க வழி இல்லாதபோது, ஏற்காதவர்களுக்கு வெளியே போவதுதான் வழியாக இருந்தது.

இன்றைய வடசென்னை நிலவரத்தையும் பாருங்க. ராயபுரத்தில் 1991, 2001, 2006, 2011, 2016 என ஐந்து முறை ஜெயித்த அதிமுகவின் ஜெயக்குமார், 2021ல் திமுகவின் ஐட்ரீம் மூர்த்தியிடம் தோற்றார். ஜெயக்குமாரின் மகன் ஜெயவர்தன் 2014ல் தென்சென்னை எம்.பி. ஆனவர். ராயபுரம் அடங்கிய வடசென்னை மக்களவைத் தொகுதியில் 2019, 2024 இரண்டிலும் ஜெயித்த கலாநிதி வீராசாமி, முன்னாள் அமைச்சர் ஆற்காடு வீராசாமியின் மகன். எந்தக் கட்சியும் இதில் விதிவிலக்கு இல்லை.

ராயபுரத்தில் பிரைமரி நடந்தா எப்படி இருக்கும்?

ஒரு கற்பனைதான். காசிமேடு மீனவர் ஒருவர், பழைய வண்ணாரப்பேட்டை வியாபாரி ஒருவர், முன்னாள் தலைவர் ஒருவரின் மனைவி என மூன்று பேர் ஒரே கட்சியில் சீட் கேட்கிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு. அடையாள அட்டை உள்ள உறுப்பினர் எல்லாரும் வரலாம். தலைவரின் மனைவி ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனா அதுக்கு முன்னாடி மீன்பிடித் துறைமுகத்தில் என்ன செய்வேன், மழைநீர் தேங்கும் தெருவுக்கு என்ன வழி என்று சொந்தக் கட்சிக்காரரிடமே பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் யாரும் முயற்சி செய்யவில்லையா?

செய்தார்கள். 2014 மக்களவைத் தேர்தலில் ராகுல் காந்தியின் யோசனைப்படி காங்கிரஸ் சுமார் 15 தொகுதிகளில் பிரைமரி நடத்தியது. ஓட்டு போட்டவர்கள் பொதுமக்கள் இல்லை, கட்சி நிர்வாகிகள் மட்டும். கர்நாடகாவின் தட்சிண கன்னடா தொகுதியில் அப்போதைய மத்திய அமைச்சர் வீரப்ப மொய்லியின் மகன் ஹர்ஷா மொய்லி போட்டியிட்டார். மூத்த தலைவர் ஜனார்த்தன பூஜாரியிடம் தோற்றார். குடும்பப் பெயர் செல்லவில்லை.

அதே நேரம் குஜராத்தின் வதோதராவில் வேறு கதை. பிரைமரியில் ஜெயித்தவர் நரேந்திர ராவத். அங்கே நரேந்திர மோடி போட்டியிடுவது தெரிந்ததும் ராவத் விலகிக்கொண்டார், மதுசூதன் மிஸ்திரி வேட்பாளர் ஆனார். மோடி 5.7 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்த முயற்சி நாடு முழுக்க விரிவாகவே இல்லை.

பிரைமரி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. பிரைமரிக்கும் பணம் வேண்டும், பிரபலமான பெயர் அதிலும் உதவும். அமெரிக்காவிலேயே பிரைமரியில் ஓட்டு போடுபவர்கள் பொதுத்தேர்தலைவிடக் குறைவு. இங்கே உறுப்பினர் பட்டியல் ஒழுங்காக இல்லாவிட்டால், ஆள் சேர்க்கும் வசதி உள்ளவருக்கே லாபம். கோஷ்டிச் சண்டை தெருவுக்கு வரும் என்ற பயமும் கட்சிகளுக்கு உண்டு.

அப்போ வாக்காளர் என்ன செய்யலாம்?

சீட் யாருக்கு என்பதில் இன்றைக்கு நமக்கு ஓட்டு இல்லை. ஆனா வேட்புமனு தாக்கல் ஆனதும் ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26ல் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதில் வேட்பாளரின் சொத்து, கடன், வழக்குகள், கல்வித் தகுதியோடு, கணவன் அல்லது மனைவியின் சொத்து விவரமும் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்த முறை ஒரு தலைவர் தன் மனைவிக்காகவோ, கணவருக்காகவோ உங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்டு வந்தால், வேட்பாளர் தனியாக என்ன செய்திருக்கிறார் என்று கேளுங்க. சீட்டுக்கு வேறு யார் யார் கேட்டார்கள், அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதையும் கேளுங்க. அமெரிக்காவில் கட்சிக்காரர்கள் பிரைமரியில் கேட்கும் கேள்விகள்தான் இவை. இங்கே அதைக் கேட்க நமக்குக் கிடைப்பது பிரசார நாட்கள் மட்டும்தான்.