"ப்ரொபோசல் அனுப்புங்க, பார்க்கிறோம்": வாடிக்கையாளர் உண்மையில் எதைப் பார்க்கிறார்?

சந்திப்பு நன்றாகத்தான் போனது. கோப்பி குடித்தீர்கள், உங்கள் வேலைகளைக் காட்டினீர்கள். கிளம்பும்போது அவர், "நல்லா இருக்கு, ப்ரொபோசல் அனுப்புங்க, பார்க்கிறோம்" என்றார். இரவெல்லாம் உட்கார்ந்து 14 பக்கம் தயாரித்து அனுப்பினீர்கள்.

இரண்டு வாரமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான் தெரிகிறது.

சிங்கப்பூரில் ஃபிரீலான்ஸ் ஆலோசகராகத் தொழில் தொடங்கும் பலருக்கும் இது பழகிப்போன கதை. குறை பெரும்பாலும் திறமையில் இல்லை. அந்த 14 பக்கங்களும் உங்களைப் பற்றியே பேசியிருக்கும், அதுதான் சிக்கல்.

முதல் பத்தி யாரைப் பற்றியது?

ஓர் எடுத்துக்காட்டு. தெம்பனிஸில் துணைப்பாட நிலையம் நடத்தும் ஒருவர் உங்களிடம் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஜனவரில பிள்ளைங்க நல்லா சேர்றாங்க. ஜூன் லீவுக்கு அப்புறம் பாதிப் பேர் வர்றதில்ல. ஃபேஸ்புக்ல விளம்பரம் போட்டும் பார்த்துட்டேன்."

பலர் எழுதும் முதல் பத்தி: "நான் எட்டு ஆண்டு அனுபவமுள்ள தகவல்தொடர்பு ஆலோசகர். பல துறைகளில் பணியாற்றியுள்ளேன்..."

இப்படி எழுதிப் பாருங்கள்: "ஜனவரியில் சேரும் மாணவர்கள் ஜூன் விடுமுறைக்குப் பிறகு திரும்புவதில்லை என்றீர்கள். அப்படியென்றால் புதியவர்களை இழுக்கும் விளம்பரம் இப்போதைக்கு அவசரமில்லை. ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் ஏப்ரல், மே மாதங்களில் என்ன பேசுகிறோம் என்பதைத்தான் முதலில் சரிசெய்யவேண்டும்."

இரண்டாவதைப் படிக்கும்போது அவருக்கு, 'நான் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார்' என்று தோன்றும். அவர் கேட்காத ஒரு கோணமும் அதில் இருக்கிறது. உங்கள் அனுபவத்தைக் கடைசியில் நான்கு வரியில் சொன்னால் போதும்.

இதற்குச் சந்திப்பிலேயே குறிப்பெடுக்கவேண்டும். அவர் 'பிள்ளைங்க' என்று சொன்னால் நீங்களும் பிள்ளைகள் என்றே எழுதுங்கள். 'இலக்குப் பயனாளர்கள்' என்றெல்லாம் மாற்றாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் சந்தித்தவரே முடிவெடுப்பவர் என்று சொல்லமுடியாது. உங்கள் கோப்பு அவருடைய பங்காளிக்கோ மனைவிக்கோ கணக்காளருக்கோ போகும். அவர்கள் உங்களைப் பார்த்ததில்லை, உங்கள் சிரிப்பும் பேச்சும் அங்கே உதவாது. பிரச்சினை, செய்யப்போகும் வேலை, கட்டணம், காலம் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தால் பாதிக் கிணறு தாண்டியமாதிரி.

கட்டணம்: இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள்

முன்பு மாதம் 5,000 வெள்ளி சம்பளம் வாங்கியவர் என்று வையுங்கள். ஆண்டுக்கு 60,000. அதை ஆண்டின் 260 வேலை நாள்களால் வகுத்து, "ஒரு நாளைக்கு 230 வெள்ளி கேட்கலாம்" என்று முடிவுசெய்வது எளிது. அது தப்புக் கணக்கு.

சம்பளத்தில் இருந்தபோது முதலாளி உங்கள் மத்திய சேம நிதியில் 17 விழுக்காடு போட்டார். அது ஆண்டுக்கு 10,200 வெள்ளி. இனி அது கிடையாது. அதோடு, சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவுக்கு நீங்களே கட்டவேண்டும்.

260 நாளில் 11 பொது விடுமுறை. இரண்டு வாரமாவது ஓய்வு வேண்டும். மிஞ்சுவது சுமார் 235. அதிலும் வாரத்துக்கு இரண்டு நாள் வாடிக்கையாளரைத் தேடவும், பில் அனுப்பவும், இந்த ப்ரொபோசல் எழுதவுமே போய்விடும். காசு வரும் நாள்கள் ஏறக்குறைய 140தான். 70,200 வெள்ளியை 140ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 500.

230 எங்கே, 500 எங்கே? இந்தக் கணக்கு தெரியாமல் எழுதும் ப்ரொபோசல் வென்றாலும் தோல்விதான்.

ஆனால் அந்த 500ஐ வாடிக்கையாளரிடம் அப்படியே காட்டவேண்டியதில்லை. நாள்கணக்கைக் காட்டினால் பேச்சு நாள்களைக் குறைப்பதிலேயே நிற்கும். முழு வேலைக்கும் ஒரே தொகை சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு தெரிவுகள் கொடுங்கள்: பெற்றோருக்கான செய்திகளை எழுதிக்கொடுப்பது மட்டும் ஒன்று, மூன்று மாதம் கூடவே இருந்து நடத்திக்கொடுப்பது இன்னொன்று.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன்" என்பார். குறைக்கலாம், வேலையையும் சேர்த்துக் குறைத்தால். அதே வேலைக்கு உடனே விலையைக் குறைத்தால், முதலில் சொன்னது ஏத்திச் சொன்ன விலை என்றுதான் அவர் நினைப்பார்.

நீங்கள் ஆண்டுக்கு 1 மில்லியன் வெள்ளிக்குமேல் வியாபாரம் செய்யாதவரை பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்யாமல் பில்லில் 9 விழுக்காட்டைச் சேர்ப்பது சட்டப்படி குற்றம். தெரியாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

எதைச் செய்யமாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்

"சின்னத் திருத்தம்தான்" என்று ஆரம்பித்து ஒன்பதாவது திருத்தத்தில் நிற்கும் வேலைகள் உண்டு. இரண்டு முறை திருத்தித் தரப்படும், அதற்குமேல் தனிக் கட்டணம் என்று ஒரு வரி போதும். புகைப்படம், அச்சுச் செலவு, விளம்பரச் செலவு இதில் சேராது என்பது இன்னொரு வரி. பணம் எப்போது? பாதியை வேலை தொடங்குமுன் கேட்பதில் தவறில்லை, எத்தனையோ பேர் கேட்கிறார்கள்.

சுயதொழில் செய்வோருடனான ஒப்பந்தங்களுக்கு 2018இல் முத்தரப்புத் தரநிலை ஒன்று வந்தது. வேலை என்ன, கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கொடுக்கவேண்டும், நிபந்தனையை மாற்றுவது எப்படி, பிணக்கு வந்தால் என்ன வழி என்பதையெல்லாம் எழுத்தில் வைக்கச் சொல்கிறது அது. அதை ஏற்றுக்கொள்ளாத நிறுவனமாக இருந்தாலும், இதே விவரங்களை உங்கள் ப்ரொபோசலில் நீங்களே எழுதிவிடலாம். அவர் 'சரி' என்று மின்னஞ்சலில் பதில் போட்டால் அது உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

பணம் வராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். அங்கே வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசவேண்டும். அப்போது மேசையில் வைக்க இருப்பது அந்த ப்ரொபோசலும் அந்த 'சரி'யும்தான்.

யோசனையை முழுசாகக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். என்ன செய்யவேண்டும், ஏன் செய்யவேண்டும் என்பதைத் தாராளமாகச் சொல்லுங்கள். பெற்றோருக்கு அனுப்பவேண்டிய ஆறு செய்திகளையும் எழுதி இணைத்துவிட்டால், அவர் அவற்றை எடுத்துக்கொண்டு உங்களுக்கு நன்றி சொல்லிவிடுவார். மாதிரிக்கு ஒன்று போதும்.

பதில் வராதபோது

ப்ரொபோசலிலேயே "இந்தக் கட்டணம் 30 நாளுக்குச் செல்லும்" என்று தேதியோடு எழுதிவிடுங்கள். மறுபடி தொடர்புகொள்ள அது நல்ல சாக்கு. ஒரு வாரம் கழித்து, "பார்த்தீங்களா?" என்று கேட்காமல், அவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை அனுப்புங்கள்: "ஜூன் விடுமுறைக்கு முன்பே தொடங்குவதென்றால் ஏப்ரல் முதல் வாரத்தில் பெற்றோர் பட்டியல் கிடைக்குமா?"

'இல்லை' என்று பதில் வந்தால், எது ஒத்துவரவில்லை, விலையா வேலையா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். சிலர் உண்மையைச் சொல்வார்கள். அதை அடுத்த ப்ரொபோசல் எழுதும் முன் எடுத்துப் பாருங்கள்.