பழி மேய்ப்பர்கள் மீது, காரணம் கடலில்: ஸாஹில் வறட்சி தரும் பாடம்

அரபு மொழியில் 'ஸாஹில்' என்றால் கரை என்று பொருள். ஸஹாரா பாலைவனத்தை ஒரு மணற்கடலாக எண்ணி, அதன் தெற்கு விளிம்பில் உள்ள புல்வெளிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். மேற்கே செனகலில் தொடங்கி மவுரித்தானியா, மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட் வழியாகச் சூடான் வரை நீளும் இந்தப் பகுதியில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கம்பும் சோளமும் விளைவிப்பதும், ஆடு, மாடு, ஒட்டகம் மேய்ப்பதும் அவர்களின் வாழ்வாதாரம்.

அங்கே ஆண்டுக்கு ஒரே மழைக்காலம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை. அது பொய்த்தால் அடுத்த ஜூன் வரை வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

மழை நின்றுபோன ஆண்டுகள்

1950களில் ஸாஹிலில் நல்ல மழை பெய்தது. அதை நம்பி மக்கள் வடக்கு நோக்கிப் புதிய நிலங்களில் பயிரிட்டார்கள், மந்தைகளும் பெருகின. 1960களின் பிற்பகுதியில் மழை குறையத் தொடங்கியது. 1972-73இல் நிலைமை மிக மோசமானது. கால்நடைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பசியாலும் நோயாலும் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. 1983-84இல் வறட்சி மீண்டும் உச்சம் தொட்டது. 1960களில் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருந்த சாட் ஏரி, 1980களில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிப் போனது.

ஒன்றிரண்டு ஆண்டுகள் மழை பொய்ப்பது அந்த மக்களுக்குப் பழகிய ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மழை குறைந்தே இருந்ததற்கு என்ன காரணம்?

முதல் பதில்: மேய்ப்பர்கள்தான்

அன்று பலரும் கைகாட்டியது அந்த ஏழை மக்களைத்தான். 1975இல் அமெரிக்க வானிலை அறிஞர் ஜூல் சார்னி ஒரு விளக்கத்தை முன்வைத்தார். அளவுக்கு மீறிய மேய்ச்சலால் நிலம் மொட்டையாகிறது. மொட்டை நிலம் சூரிய ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. அதனால் மேலுள்ள காற்று குளிர்ந்து கீழிறங்கி மழை மேகம் உருவாவதைத் தடுக்கிறது என்றார். அறிவியல் ரீதியாக இது பொருளுள்ள விளக்கம்தான். ஆனால் பொதுப் பேச்சில் இது, 'தங்கள் வறட்சியைத் தாங்களே வரவழைத்துக் கொண்டவர்கள்' என்ற குற்றச்சாட்டாக மாறிவிட்டது.

கடல் சொன்ன பதில்

1986இல் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் ஃபோலண்ட், பாமர், பார்க்கர் ஆகியோர், ஸாஹில் மழையை உலகக் கடல்களின் வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெற்குக் கடல்களும் இந்தியப் பெருங்கடலும் வடக்குக் கடல்களைவிடக் கூடுதலாகச் சூடாக இருந்த காலங்களில் ஸாஹில் வறண்டது தெரியவந்தது.

2003இல் ஜியானினி, சரவணன், சாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றில் கடல் வெப்பநிலைப் பதிவுகளை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மேய்ச்சலைப் பற்றி எதுவும் கொடுக்கவில்லை. அப்படியும் அந்த மாதிரி, 1930 முதல் 2000 வரையிலான ஸாஹில் மழையின் ஏற்ற இறக்கத்தைப் பெருமளவு சரியாகக் காட்டியது. நிலத்தின் நிலை வறட்சியைக் கூட்டியிருக்கிறது. தொடங்கி வைத்தது கடல்தான் என்பது தெளிவானது.

இது எப்படி நடக்கிறது? பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றி ஒரு மழைப்பட்டை இருக்கிறது. வடக்கு, தெற்கு அரைக்கோளங்களில் எது கூடுதலாகச் சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கம் அது சாயும். வட அட்லாண்டிக் குளிர்ந்திருந்தால் மழைப்பட்டை தெற்கே தங்கிவிடும். ஸாஹில் வரை ஏறி வராது. கூடவே இந்தியப் பெருங்கடல் சூடேறினால் அங்கே காற்று மேலெழும்பி, ஆப்பிரிக்காவின் மேல் கீழிறங்கி மேகத்தை அமுக்கும்.

கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்வது. வளிமண்டலம் முழுவதும் தாங்கும் வெப்பத்தைக் கடலின் மேல் மூன்று மீட்டர் நீரே தாங்கிவிடும். அதனால்தான் அதன் மாற்றங்கள் பத்து, இருபது ஆண்டுகள் நீடிக்கின்றன. வட அட்லாண்டிக் 1960களின் நடுப்பகுதி முதல் 1990களின் நடுப்பகுதி வரை குளிர்ந்த நிலையில் இருந்தது. இதில் இயற்கையான ஊசலாட்டம் எவ்வளவு, ஐரோப்பா, அமெரிக்கத் தொழிற்சாலைகளின் கந்தகப் புகை சூரிய ஒளியை மறைத்ததால் வந்தது எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். புகைக்கும் பங்குண்டு எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. அப்படியானால், பழி சுமந்தவர்கள் ஓரிடம். புகை விட்டவர்கள் வேறிடம்.

இன்றைய நிலை

1990களுக்குப் பின் வட அட்லாண்டிக் மீண்டும் சூடேற, மழையும் ஓரளவு திரும்பியது. ஆனால் அது பழைய மழையாக இல்லை. நீண்ட இடைவெளி விட்டு, வரும்போது கொட்டித் தீர்க்கிறது. 2022இலும் 2024இலும் சாட், நைஜர் நாடுகளில் பெருவெள்ளம் ஏற்பட்டது.

வறட்சியின் நடுவே, 1974இல் நைஜர் தலைநகர் நியாமேயில் ஸாஹில் நாடுகள் இணைந்து 'அக்ரிமெட்' என்ற வேளாண் வானிலை மையத்தை நிறுவின. 1998 முதல் மேற்கு ஆப்பிரிக்க வல்லுநர்கள் ஆண்டுதோறும் கூடி, கடல் வெப்பநிலையையும் கணக்கில் கொண்டு வரும் பருவ மழையை முன்கூட்டியே கணிக்கிறார்கள். எந்த விதையை எப்போது விதைப்பது என்று முடிவெடுக்க அது உதவுகிறது.

நமக்கும் இதில் பங்குண்டு

ஸாஹிலின் மேகத்தை அமுக்கிய அதே இந்தியப் பெருங்கடல்தான் நம் பருவமழையையும் ஆள்கிறது. 2016இல் அதன் கிழக்குப் பகுதி சூடாகவும் மேற்குப் பகுதி குளிர்ந்தும் இருந்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. இது சில மாதங்களில் மாறும் போக்கு. ஸாஹிலில் நடந்தது பல பத்தாண்டுகள் நீடித்த போக்கு. இரண்டிலும் மழையின் கணக்கு கடலில்தான் தொடங்குகிறது.

ஒரு ஊரில் மழை பொய்த்தால் அந்த ஊர் மக்களிடமே குற்றம் தேடுவது எளிது. ஸாஹில் மக்கள் அந்தப் பழியைப் பல ஆண்டுகள் சுமந்தார்கள். இனி எங்கேனும் வறட்சிச் செய்தியைப் படிக்கும்போது, அந்த மக்கள் என்ன தவறு செய்தார்கள் என்று கேட்கும் முன், கடல் எப்படி இருக்கிறது என்று கேட்போம். நம் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கச் சொல்லித் தருவோம்.