மேல்மலையனூர் மழை கடலுக்குப் போகும் வழி

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் சென்று வந்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருக்கக்கூடும். அடுத்த முறை செல்வது ஐப்பசி, கார்த்திகை மாதமாக இருந்தால், ஊருக்கு வெளியே கால்வாயில் ஓடும் செந்நிற நீரைச் சற்று நின்று பாருங்கள். அந்த நீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது?

விடை எளிது போல் தோன்றும். மேட்டில் பெய்த மழை வரத்துக்கால் வழியாக ஓர் ஏரிக்கு வருகிறது. அந்த ஏரி நிரம்பிக் கோடி போனால், மிகுந்த நீர் கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகிறது. இப்படி ஏரிக்கு ஏரி இறங்கிய பிறகு எஞ்சும் நீர் சங்கராபரணி ஆற்றை அடைகிறது. பாக்கம் மலைக்காடுகளில் தோன்றும் இந்த ஆற்றை வராக நதி என்றும், செஞ்சி ஆறு என்றும் சொல்வர். அது செஞ்சியைக் கடந்து, தொண்டியாறு வந்து கலக்குமிடத்தில் வீடூர் அணையில் தேங்கி, வில்லியனூர், திருக்காஞ்சி வழியாகச் சென்று, புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது.

இவ்வாறு ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ தன் மழைநீரை வடித்துக் கொடுக்கும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்வடிப்பகுதி என்கிறோம். ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக் கொள்ளுங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி முற்றத்துக்கு வரும். அந்தப் பக்கம் விழும் துளி தெருவுக்குப் போகும். நிலத்திலும் அப்படிப்பட்ட முகடுகள் உண்டு. வட்டம், மாவட்டம், மாநிலம் என்று நாம் போட்ட எல்லைகளை நீர் அறியாது. முகட்டை மட்டுமே அது அறியும்.

மலைக்கோட்டை தரும் பாடம்

செஞ்சிக் கோட்டைக்கு வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த இக்கோட்டை, மராட்டியர் இராணுவ அமைப்புகளுள் ஒன்றாக 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. 1597-இல் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் இங்கு வந்த பிமெந்தா என்ற ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுக்கல் நாட்டு நகரம் எதைக் காட்டிலும் இது பெரியது என்று எழுதினார். அவ்வளவு பெரிய நகரம் ஆண்டில் சில மாதங்களே மழை பெய்யும் பாறை நிலத்தில் எப்படி வாழ்ந்தது?

இங்குள்ள பாறை கடினமானது. அதன் உடம்பில் நீர் ஊறாது. மேலே சிதைந்து பொடிந்த மண்ணிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆனால் பாறைக்கு ஒரு நற்குணம் உண்டு. அதன்மேல் விழும் மழையில் பெரும்பகுதி வீணாகாமல் வழிந்தோடி வரும். கோட்டையை அமைத்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். மலைமேல் உள்ள சுனைகளைக் காத்தனர். அடிவாரத்தில் நீர்நிலைகளை அமைத்தனர். 1690-இல் மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-இல். அத்தனை நாள் தாக்குப்பிடிக்க மதிலும் பீரங்கியும் மட்டும் போதா. நெல்லும் நீரும் வேண்டும்.

கோட்டைக்குள் நீரைக் காப்பது எளிது. மலையும் குளமும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருந்தன. குளம் வற்றினால் என்ன ஆகும் என்ற அச்சம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. மதிலுக்கு வெளியேதான் சிக்கல். அங்கே மலை ஒருவருடையது, மேல் ஏரி ஓர் ஊருடையது, கீழ் ஏரி மற்றோர் ஊருடையது.

ஏரியைக் காத்த ஏற்பாடு

ஏரி என்பது வெறும் பள்ளம் அன்று. அதற்கு நீர் கொண்டு வரும் வரத்துக்கால், நீரைத் தாங்கும் கரை, பாசனத்துக்கு நீர் விடும் மதகு, மிகுநீர் வெளியேறும் கலங்கல் என உறுப்புகள் உண்டு. இவற்றுள் ஒன்று கெட்டாலும் ஏரி கெடும். கால் தூர்ந்தால் நீர் வராது. கலங்கல் அடைபட்டால் கரை உடையும். இவை எல்லாம் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு மழையிலும் நீரோடு மண்ணும் வந்து ஏரியின் அடியில் படியும். ஆகவே ஏரியை வெட்டுவது ஒரு நாள் வேலை என்றால், அதைக் காப்பது என்றென்றும் உள்ள வேலை.

நம் முன்னோர் இதற்கு வகை செய்திருந்தனர். செஞ்சிக்கு வடகிழக்கே உள்ள உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். அதன் உறுப்பினர் 360 நாள் பணியாற்ற வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. ஏரியைப் பழுது பார்ப்பதற்கென்றே ஏரிப்பட்டி என்னும் நிலம் ஒதுக்குவதும் அக்காலத்து வழக்கம். விஜயநகர ஆட்சியில், ஏரி அமைத்தோருக்கும் புதுப்பித்தோருக்கும் தசபந்தம் என்ற பெயரில் நிலம் வழங்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் எல்லாம் நலமே என்று கருதிவிட வேண்டாம். வாரியத்தில் இடம் பெற நிலமும் கல்வியும் வேண்டும். உழைத்தவர்களுக்கு அங்கு இடமில்லை. ஆயினும் ஒரு செய்தியை நாம் மறுக்க முடியாது. ஏரியைக் காக்க இன்ன ஆள், இன்ன பொருள், இன்ன காலம் என்பது முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டிருந்தது. நெடுங்காலத் திட்டம் என்று நாம் இன்று சொல்வதன் உயிர்நாடி இதுவே.

சங்கிலி எங்கே அறுந்தது?

1801-இல் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. ஏரிகளுக்கென இருந்த மானியங்கள் பல இடங்களில் அரசின் பொது வருவாயில் கலந்தன. வரி வாங்கும் கை ஒன்று, மண் அள்ளும் கை மற்றொன்று என்றாயிற்று. ஏரிகள் பழுதாகிக் கிடப்பதை 1852-இல் சென்னை மாகாணப் பொதுப்பணி ஆணையர்களின் அறிக்கையே எடுத்துக் காட்டியது. குடிமராமத்து வேலைக்கு மக்கள் வர வேண்டும் என்று 1858-இல் சட்டம் இயற்றினர். பயன் அதிகமில்லை. ஊராரிடமிருந்து பொருளையும் உரிமையையும் எடுத்துக் கொண்டு, கடமையை மட்டும் விட்டுவைத்தால் அது எப்படி நிறைவேறும்?

1883-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஏரிகளைத் தனித்தனியே பாராமல் வடிநிலவாரியாகத் தொகுத்து ஆராய்ந்தது. கரையின் உயரம், கலங்கல் மட்டம், மதகின் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்தது. ஆனால் சீரமைத்த ஏரியை ஆண்டுதோறும் காப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

விடுதலைக்குப் பின் நிர்வாகத்துக்காக ஒரு பிரிவினை வந்தது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றன. ஏரிகளோ ஒன்றின் நீரை ஒன்று நம்பியிருப்பவை. ஒரே சங்கிலியின் கண்ணிகள் இரு கைகளில் பிரிந்தன.

அதன்பின் எண்ணெய் எஞ்சினும் மின்சாரப் பம்பும் வந்தன. கிணறு உள்ளவர் ஏரியை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று எண்ணினார். ஆனால் நம் பாறை நிலத்தில் அந்தக் கிணற்று நீரில் ஒரு பங்கு, ஏரியில் தேங்கிக் கீழே கசிந்த நீரே. ஏரி தூர்ந்தால் கிணறும் ஆழம் போகும். பின்னர் ஆழ்குழாய், அதன் பின்னர் அதைவிட ஆழமான குழாய். வசதி உள்ளவர் தோண்டிக்கொண்டே போகலாம். சிறு விவசாயி என்ன செய்வார்?

ஒரு கணக்குப் போடுவோம்

1958-59-இல் கட்டப்பட்ட வீடூர் அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர். அதன் பாசனம் 3,200 ஏக்கர். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டிலும், 1,000 ஏக்கர் புதுச்சேரியிலும் உள்ளன. ஒரே நீரை இரு அரசுகள் பங்கிடுகின்றன.

இப்போது 2024-ஐ நினைவு கூருங்கள். நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது, இந்த வட்டாரத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையில் இது சுமார் பாதி. ஒரு சதுர கிலோமீட்டரில் 50 சென்டிமீட்டர் மழை என்றால் 5 லட்சம் கன மீட்டர் நீர். அது முழுவதும் வழிந்தோடி வருவதாகக் கொண்டால், வீடூர் அணையை நிரப்ப 34 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழையே போதும். அணையின் நீர்பிடிப்புப் பரப்போ அதைப் போல் பல மடங்கு. எஞ்சிய நீர் எங்கே போகும்? கரையோர ஊர்களுக்குள்தான்.

அணையைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. இத்தகைய வெள்ளத்தை ஓர் அணை தனியாகத் தாங்காது. மேலே உள்ள காடும், வயல் வரப்பும், நூற்றுக்கணக்கான ஏரிகளும் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்து வைத்தால் வெள்ளத்தின் வேகம் தணியும். அணைக்கு வரும் மண்ணும் குறையும். கோடையில் கிணறும் ஊறும்.

சுகோமாஜ்ரி செய்து காட்டியது

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. சண்டிகரில் 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி சில ஆண்டுகளிலேயே வேகமாகத் தூர்ந்தது. பி. ஆர். மிஸ்ரா என்ற மண் பாதுகாப்பு வல்லுநர், மண் வரும் வழியே நடந்து சென்று மலையடிவாரத்துச் சுகோமாஜ்ரி கிராமத்தை அடைந்தார். அங்கே ஆடுமாடு மேய்ந்து குன்றுகள் மொட்டையாகிக் கிடந்தன. மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று சொன்னால் ஏழை மக்கள் எதை உண்பார்கள்? 1970-களில் அந்த ஊருக்கே சிறு அணைகள் கட்டப்பட்டன. நிலமில்லாத குடும்பம் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் பங்கு தரப்பட்டது. மக்கள் தாமாகவே குன்றைக் காத்தனர். புல் வளர்ந்தது, ஏரிக்கு வரும் மண் பெரிதும் குறைந்தது. கீழே உள்ளவர் நலம் மேலே உள்ளவரின் வயிற்றோடு பிணைந்தது என்பதே அதன் பாடம்.

தமிழ்நாட்டிலும் வழிகள் திறந்திருக்கின்றன. பாசன முறைகளின் மேலாண்மையில் உழவர்க்குப் பங்கு தரும் சட்டம் 2000-இல் வந்தது. ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007-இல் வந்தது. அதே ஆண்டு உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் துணை வடிநிலங்களை அலகாகக் கொண்டது. ஆனால் திட்டங்களுக்கு முடிவு ஆண்டு உண்டு. மழைக்கும் மண்ணுக்கும் அது இல்லை. ஆகவே சங்கராபரணிக்கு வேண்டியது மற்றொரு முறை தூர் வாருவது மட்டுமன்று. பாக்கம் மலை முதல் புதுச்சேரிக் கடற்கரை வரை உள்ளவர்கள் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் பொருள் ஒதுக்க வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் ஊர் அறியக் கணக்குக் காட்ட வேண்டும்.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வரும் விடுமுறையில் உங்கள் ஊர் ஏரியின் கரைமேல் நின்று, வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முடிந்த தொலைவு வரை பெரியவர் ஒருவரோடு அதன் வழியே நடந்து போங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே வீடோ சாலையோ குறுக்கிடுகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். பிறகு கலங்கலிலிருந்து கீழே நடந்து, உங்கள் ஏரியின் மிகுநீர் எந்த ஊருக்குப் போகிறது என்று கண்டறியுங்கள். அந்தப் படத்தை வகுப்பிலும், ஊராட்சியின் கிராம சபைக் கூட்டத்திலும் காட்டுங்கள். உங்கள் ஏரிக்கு நீர் அனுப்பும் ஊர் எது, உங்கள் நீருக்குக் காத்திருக்கும் ஊர் எது என்று கேட்டால், அன்று கூட்டத்தில் இருக்கும் எத்தனை பேருக்கு விடை தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.