இருந்தால்... இருந்திருந்தால்!

‘இஃப்’! ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. ஆனால், பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்தி எடுத்த வார்த்தை! இந்திய மாணவர்களுக்கு அதைச் சொல்லித்தந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் 1930-களில் வெளிவந்தது. கிட்டத்தட்ட அதே சமயம், தென்னாற்காடு மாவட்டத்தில் பாசனத்துக்காகக் கிணறு தோண்டினார் ஜம்புலிங்க முதலியார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ சேர்ந்து வந்தது. அதுதான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி!

இலக்கணத்துக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ‘இஃப்’ வாக்கியங்கள் மூன்று வகை. மூன்றுக்குமே நெய்வேலியில் உதாரணம் உண்டு.

முதல் வகை, நடக்கக்கூடியது. ‘பம்ப்புகளை நிறுத்தினால் சுரங்கம் மூழ்கிவிடும்.’ நிஜம்தான். நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் பயங்கர அழுத்தத்தோடு காத்திருக்கிறது. ராப்பகலாக இறைத்தால்தான் வெட்டவே முடியும்.

இரண்டாவது வகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். மூன்றாவது, நடந்து முடிந்ததை மாற்றிப் பார்ப்பது. ‘முதலியார் கிணறு தோண்டாமல் இருந்திருந்தால்?’ ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது! புதுச்சேரியை ஒட்டிய பாகூர் பக்கம் 19-ம் நூற்றாண்டிலேயே பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டிருந்தது. 1940-களில் அரசின் புவியியல் துறையும் இந்த வட்டாரத்தில் துளை போட்டுப் பார்த்தது. யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். 1956-ல் நிறுவனம் பிறந்தது, 1957-ல் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார் நேரு, 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது, மறுவருடமே மின்சாரம்!

இப்போது இரண்டாவது வகை. ‘நிலம் இருந்தால் விதைப்பேன்.’ தமிழில் இதைச் சொல்பவரிடம் நிலம் இருக்கிறதா, இல்லையா? வாக்கியம் மூச்சுவிடாது. ஆங்கிலத்தில், பேசுவது இன்றைய நிலத்தைப் பற்றித்தான். ஆனாலும் இறந்தகால ‘ஹேட்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘இஃப் ஐ ஹேட் லேண்ட்’ என்றால், அவரிடம் நிலம் இல்லை!

கம்மாபுரம் சுற்றுவட்டாரத்தில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்கள் பல. 2023 ஜூலையில், சற்றுத் தள்ளி வளையமாதேவியில், நெற்பயிர் நிற்கும்போதே இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டின. ‘நிலம் எப்போதோ கையகப்படுத்தியாயிற்று’ என்றது நிறுவனம். ‘அறுவடை வரையாவது பொறுக்கக்கூடாதா?’ என்று கொதித்தார்கள் விவசாயிகள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், நாசமான பயிருக்கு இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு வந்தது. போன பயிருக்குப் பணம் கிடைக்கும். அடுத்த போகம்?

‘நிலம் இருந்தால் விதைப்பேன்’ என்று அந்தப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னால், அதில் ‘ஹேட்’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று இலக்கணத்தில் தேடாதீர்கள். அவர் முகத்தைப் பாருங்கள்... தெரியும்!