ஒளியியல் துறைகள் சூரியன் பக்கம் திரும்பிய கதை

அமெரிக்காவில் ஒளியியலுக்கென்றே தனித்துறை முதன்முதலில் 1929-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. படச்சுருள் தயாரித்த ஈஸ்ட்மன் கோடாக், வில்லைகள் தயாரித்த பாஷ் அண்ட் லாம் இரண்டும் அதே ஊர் நிறுவனங்கள். வில்லை வடிவமைக்கத் தெரிந்த ஆட்கள் அவற்றுக்குத் தேவைப்பட்டார்கள். துறை எழ உதவியதும் அவைதாம். நெடுங்காலம் ஒளியியல் படிப்பு என்றால் கேமரா, நுண்ணோக்கி, தொலைநோக்கிதான்.

சூரியன் பக்கம் அது திரும்பியதில் அரிசோனாவுக்குப் பெரும் பங்கு உண்டு. கிட் பீக் தேசிய வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஏடன் மைனல், 1964-இல் டூசான் நகரில் ஒளியியல் அறிவியல் மையத்தைத் தொடங்கினார். 1970-களின் தொடக்கத்தில் அவரும் மனைவி மார்ஜரியும், பாலைவனத்தில் பெரும் சூரியப் பண்ணைகள் அமைக்கலாம் என்று எழுதினார்கள். மெல்லிய படலம் பூசும் ஒளியியல் கலைதான் அவர்களுடைய கைமுதல். கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிக்கொண்டு, வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடாத பூச்சைக் குழாய்மீது பூச வேண்டும். அதில் சேரும் வெப்பம் நீராவிச் சுழலியை ஓட்டப் போதும். அவர்கள் கேட்ட அளவில் பண்ணைகள் எழவில்லை. ஆனால் 1976-இல் இருவரும் வெளியிட்ட பாடநூல் சூரிய ஆற்றலை ஒளியியல் மாணவர் கைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தம்பதியின் பெரும்பணி அதுவே எனலாம்.

சிகாகோவில் ரோலண்ட் வின்ஸ்டன், துகள் இயற்பியல் கருவிக்கு ஒளி திரட்டப்போய், பிம்பம் உருவாக்காத ஒளியியலுக்கு வழிவகுத்தார். அவருடைய குழு சூரிய ஒளியை 56,000 மடங்கு செறிவாக்கிய செய்தி 1989-இல் வெளியானது.

சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் 1974-இல் தொடங்கிய ஆய்வு, சூரிய மின்கலத்தையே ஒளியியல் சிக்கலாகவும் பார்த்தது. மெருகேற்றிய சிலிக்கான் தகடு தன்மீது விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். காரக் கரைசலில் அரித்தால் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகள் எழும். ஒன்றில் பட்டுத் தெறிக்கும் ஒளி அடுத்ததில் புகுந்துவிடும். 1985-இல் அக்குழுவின் சிலிக்கான் கலம் 20 விழுக்காட்டுத் திறனை எட்டியது. இத்துறையில் மேற்படிப்புக்கு இடம் தேடுபவர், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இத்தகைய ஆய்வுக்கூடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1992-இல் அங்கே முனைவர் பட்டம் பெற்ற ஷி செங்ராங், 2001-இல் சீனாவில் சூரிய மின்கலம் தயாரிக்கும் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்.