வருணனையிலிருந்து வாய்பாட்டிற்கு: நாயகப் பயணக் கருத்தாக்கமும் மிகுபுனைவு இலக்கியமும்

ஆய்வுச்சுருக்கம்

பழங்கதைகளை ஒப்பிட்டு நோக்கிய அறிஞர்கள் அவற்றின் பொதுக்கூறுகளை வருணிக்க முற்பட்டபோது உருவானதே நாயகப் பயணம் என்னும் கதையமைப்பு. 1970களுக்குப் பின் அது கதை புனைவோர் கைக்கொள்ளும் வாய்பாடாகவும் மாறியது. இம்மாற்றத்தைக் கருதாது, எக்காலத்து மிகுபுனைவு நூலிலும் அவ்வமைப்பைக் கண்டு அதனையே முடிவாகக் கூறும் ஆய்வுகள் சுழல் வாதத்திற்கு உள்ளாகின்றன. டோல்கீன், உர்சுலா லெ குவின் ஆகியோரின் படைப்புகளையும் ஜோசப் கேம்பல் எடுத்தாண்ட முசுகுந்தன் கதையையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தாக்கத்தின் வரலாற்றை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாயகப் பயணம், தொல்படிமம், மிகுபுனைவு, ஒற்றைத் தொன்மம், முசுகுந்தன்

முன்னுரை

எளிய சூழலில் வாழும் இளைஞன் ஒருவனுக்கு அழைப்பு வருகிறது. அவன் தயங்குகிறான், முதியவர் ஒருவர் வழிகாட்டுகிறார், அறியாத உலகினுள் நுழைந்து சோதனைகளைக் கடந்து, பெற்ற பேற்றுடன் ஊர் திரும்புகிறான். மிகுபுனைவு நூல்களை ஆராயும் கட்டுரைகள் பல இவ்வரைவை எடுத்துக்கொண்டு, நூலின் நிகழ்ச்சிகளை அதன் படிநிலைகளோடு பொருத்திக் காட்டி நிறைவுறுகின்றன. பொருத்தம் காட்டப்பட்டதும் ஆய்வு முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் அவ்வரைவு யாரால், எக்கதைகளைக் கொண்டு, எந்நோக்கத்துடன் உருவாக்கப்பட்டது என்பதும், ஆராயப்படும் நூல் அதற்கு முந்தியதா பிந்தியதா என்பதும் அறியப்படாதவரை அப்பொருத்தத்தின் மதிப்பை அளவிட இயலாது.

1. கேம்பலுக்கு முந்தைய முயற்சிகள்

நாயகர் கதைகளுக்குப் பொதுவடிவம் காணும் முயற்சி கேம்பலிடம் தொடங்கியதன்று. கிரேக்க, அல்பேனியக் கதைகளைத் தொகுத்த யோஹான் கியோர்க் வான் ஹான், நாயகன் பிறந்த இடத்திலிருந்து அகற்றப்பட்டுப் பின் மீண்டு வந்து உரிமை பெறும் அமைப்பை வரையறுத்தார். அவரது ஆய்வு 1876இல் நூலாக நிறைவெய்தியது. 1909இல் ஓட்டோ ராங்க் 'நாயகன் பிறப்பின் தொன்மம்' என்னும் நூலை வெளியிட்டார். பிராய்டின் உளப்பகுப்பாய்வு வழிநின்ற அந்நூல், சார்கோன், மோசே, ஈடிபஸ் ஆகியோருடன் ஆற்றில் விடப்பட்ட கர்ணனையும் ஆராய்ந்தது. 1936இல் லார்ட் ராக்லன் நாயகனின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான 22 கூறுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு நாயகனுக்கும் மதிப்பெண் வழங்கினார். மதிப்பெண் மிகுந்த நாயகர் வரலாற்று மாந்தராதல் அரிது என்பது அவர் கருத்து. பின்னாளில் பிரான்சிஸ் அட்லி அதே பட்டியலை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்குப் பொருத்திக் காட்டி, அளவுகோலின் நெகிழ்ச்சியை எள்ளலுடன் வெளிப்படுத்தினார். வரையறை தளர்வாக இருப்பின் எவ்வாழ்க்கையும் அதனுள் அடங்கும் என்பதே அதனால் பெறப்படும் பாடம்.

இவர்களிலிருந்து வேறுபட்டவர் உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப். 1928இல் வெளியான அவரது 'நாட்டுப்புறக் கதையின் உருவவியல்', அஃபனாசியேவ் தொகுத்த கதைகளுள் 100 மந்திரக் கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 31 செயல்களையும் 7 பாத்திர வகைகளையும் கண்டது. உலகக் கதைகள் அனைத்திற்கும் உரிய விதியாக அதனை அவர் முன்வைக்கவில்லை. தரவின் எல்லையே முடிவின் எல்லை என்னும் இவ்வொழுங்கு பின்வந்தவர் பலரிடம் காணப்படவில்லை. 1958இல்தான் அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது என்பதும் கருதத்தக்கது.

2. ஒற்றைத் தொன்மமும் தொல்படிமமும்

கேம்பலின் 'ஆயிரம் முகங்கொண்ட நாயகன்' 1949இல் வெளியாயிற்று. புறப்பாடு, தீக்கை, மீட்சி என்னும் மூன்று பிரிவுகளும் அவற்றுள் அடங்கிய 17 படிநிலைகளும் அந்நூலின் சட்டகம். இம்மூன்று பிரிவுகளுக்கும், அர்னால்ட் வான் கென்னப் 1909இல் வாழ்க்கை வட்டச் சடங்குகளில் கண்ட பிரிதல், இடைநிலை, இணைதல் என்னும் மூன்று கட்டங்களுக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. 'ஒற்றைத் தொன்மம்' என்னும் சொல்லைக் கேம்பல் ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலிலிருந்து பெற்றார்.

அச்சட்டகத்திற்கு உளவியல் அடித்தளம் தந்தது கார்ல் யுங்கின் தொல்படிமக் கோட்பாடு. மாந்தர் அனைவருக்கும் பொதுவான கூட்டு நனவிலியில் உறையும் வடிவங்களே நிழல், முதுஞானி, பேரன்னை, தந்திரக்காரன் முதலியவையாகக் கதைகளில் தோன்றுகின்றன என்றார் யுங். தொல்படிமம் என்பது உருவமைக்கும் ஆற்றல். கதையில் காணப்படும் உருவம் அதன் ஒரு வெளிப்பாடு மட்டுமே என்று அவர் வேறுபடுத்தினார். பிற்காலத் திறனாய்வில் இவ்வேறுபாடு மங்கி, தொல்படிமம் என்பது பாத்திர வகையின் பெயராகச் சுருங்கியது.

கேம்பலின் முறையியலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒவ்வொரு படிநிலைக்கும் வெவ்வேறு பண்பாட்டுக் கதைகளிலிருந்து துணுக்குகளை எடுத்து அவர் சான்று தருகிறார். ஒரே கதையை முழுமையாக எடுத்து 17 படிநிலைகளிலும் நிறுத்திக் காட்டுவதில்லை. ஆலன் டண்டிஸ் போன்ற நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்கள் உலகப் பொதுமை பற்றிய இத்தகைய கூற்றுகளைச் சான்று போதாதவையெனக் கண்டித்தனர்.

3. முசுகுந்தன் கதை: ஒரு சோதனை

இவ்விடர்ப்பாட்டைத் தமிழ் மரபு நன்கறிந்த கதை ஒன்றே தெளிவாக்குகிறது. பயணம் முடித்த நாயகன் உலகிற்குத் திரும்ப மறுத்தலும் கேம்பலின் படிநிலைகளுள் ஒன்று. அதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் முசுகுந்தன் கதை குறிப்பிடத்தக்கது. தேவர்க்குத் துணைநின்று அசுரரை வென்ற அம்மன்னன், கைம்மாறாக முடிவிலா உறக்கத்தை வேண்டுகிறான். யுகங்கள் கடந்து குகையில் விழித்தெழுந்து, கண்ணனைக் கண்டு, மாறிப்போன உலகை விட்டுத் தவம் மேற்கொள்ளச் செல்கிறான். விட்டுணு புராணமும் பாகவதமும் கூறும் வடிவம் இதுவே.

கந்தபுராணமும் திருவாரூர்த் தலமரபும் கூறும் முசுகுந்தன் வேறு வகையில் நடந்துகொள்கிறான். அங்கு அவன் சோழ மன்னன். அவனும் இந்திரனுக்குப் போரில் துணைநிற்கிறான். ஆனால் அவன் வேண்டுவது உறக்கத்தை அன்று. இந்திரன் வழிபட்ட சோமாஸ்கந்தத் திருவுருவத்தையே அவன் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதனையொத்த ஆறு உருவங்களைச் செய்வித்து முன்வைக்க, முசுகுந்தன் உண்மையானதை இனங்கண்டு ஏழனையும் பெற்று மண்ணுலகு மீள்கிறான். திருவாரூர் உள்ளிட்ட ஏழு விடங்கத் தலங்களின் தோற்றக்கதை இதுவாகும்.

விண்ணவர்க்கு உதவிய மன்னன் என்னும் தொடக்கம் இரண்டிற்கும் பொது, முடிவோ எதிரெதிர். முன்னதில் அவன் மீட்சியை மறுத்தவன். பின்னதில் பேற்றைச் சமூகத்திற்குக் கொணர்ந்தவன். எவ்வடிவத்தை எடுத்துக்கொள்வது என்னும் தெரிவே எப்படிநிலைக்கு அக்கதை சான்றாகும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அன்றியும், திருவாரூர்க் கதையின் உயிர்ப்பொருள் ஒரு தலத்தின் பெருமையும் சோழ அரசின் தெய்வத் தொடர்பும் ஆகும். தனிமனித உளமுதிர்ச்சியின் குறியீடாக மட்டும் அதனைக் கொள்ளின் அவ்வரலாற்றுப் பொருள் மறைந்துபோகும்.

4. டோல்கீன்: சட்டகத்தை மீறும் மீட்சி

நாயகப் பயணத்திற்கு எடுத்துக்காட்டாக மிகுதியும் கூறப்படுவது டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்'. 1937இல் தொடங்கப்பெற்ற அந்நூல், கேம்பலின் நூல் வெளியான 1949இல் எழுதி முடிக்கப்பெற்று, 1954–55இல் மூன்று பகுதிகளாக வெளியாயிற்று. எனவே கேம்பலின் சட்டகம் அதன் உருவாக்கத்திற்கு வழிகாட்டியிருக்க இயலாது. 1939இல் தேவதைக் கதைகள் குறித்து ஆற்றிய சொற்பொழிவிலேயே, பொதுக்கூறு ஒத்திருப்பதால் இரு கதைகள் ஒன்றே எனக் கொள்ளும் போக்கை டோல்கீன் மறுத்திருந்தார். ஒரு கதையின் நிறமும் சூழலும் நுண்விவரங்களுமே அதன் பொருளை ஆக்குகின்றன என்பது அவர் நிலைப்பாடு.

அழைப்பு, முதுஞானி, பாதாளம் புகுதல் ஆகியன அந்நூலில் இருப்பது உண்மையே. எனினும் ஃபிரோடோவின் பயணம் ஒன்றைப் பெறுவதற்கு உரியதன்று, அழிப்பதற்கு உரியது. இறுதிக் கணத்தில் அவன் தோற்கிறான்; மோதிரத்தைத் தனதென உரிமை கொண்டாடுகிறான். அவன் முன்னர்க் காட்டிய இரக்கத்தால் உயிர்பிழைத்திருந்த கொல்லமின் பேராசையே அழிவை நிறைவேற்றுகிறது. ஊர் திரும்பியபின் அவனது காயம் ஆறுவதில்லை; தான் காத்த நிலத்தில் வாழ இயலாது கடல் கடந்து செல்கிறான். ஈருலகையும் ஆளும் நாயகன் என்னும் கேம்பலின் நிறைவுநிலைக்கு இது நேர்மாறு. முதல் உலகப் போரில் சோம் களத்தில் நின்று மீண்டவர் டோல்கீன் என்பதை நினைவிற்கொண்டால், திரும்பி வந்தும் திரும்பாத நாயகனின் இயல்பு மேலும் விளங்கும். சட்டகத்தோடு பொருந்தும் இடங்களைவிடப் பொருந்தாத இவ்விடங்களே நூலின் கருத்தைத் தாங்குகின்றன.

5. வாய்பாடாதல்

இக்கருத்தாக்கத்தின் வரலாற்றில் திருப்பம் 1977ஆம் ஆண்டைச் சார்ந்தது. ஜார்ஜ் லூகாஸ் தம் 'ஸ்டார் வார்ஸ்' திரைக்கதையை உருவாக்கும் காலத்தில் கேம்பலைப் பயின்று பயன்கொண்டார். 1988இல் ஒளிபரப்பான கேம்பல்–பில் மொயர்ஸ் உரையாடல் தொடரின் பெரும்பகுதி லூகாஸின் பண்ணை வளாகத்திலேயே பதிவுசெய்யப்பட்டது. இதனிடையே, 1980களின் நடுவில் டிஸ்னி நிறுவனத்தில் கதை ஆலோசகராக இருந்த கிறிஸ்டோபர் வோக்ளர், கேம்பலின் நூலை 7 பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். அக்குறிப்பு 1992இல் 'எழுத்தாளரின் பயணம்' என்னும் நூலாக விரிந்தது. 17 படிநிலைகள் 12 ஆயின. தொல்படிமங்கள் கதைமாந்தரின் பணிகளாயின.

இதனால் ஆய்வாளர்க்கு ஒரு முறையியல் சிக்கல் எழுகிறது. வாய்பாடு பரவிய பின் எழுந்த படைப்பில் அவ்வமைப்பைக் காண்பது கூட்டு நனவிலிக்குச் சான்றாகாது. எழுத்துப் பயிற்சி நூல்களின் செல்வாக்கிற்குச் சான்றாகவும் அமையலாம். வைத்தவரே எடுத்துக் காட்டுவதைக் கண்டுபிடிப்பு எனல் பொருந்தாது.

6. லெ குவினின் மறுநோக்கு

1968இல் வெளியான லெ குவினின் 'எர்த்சீயின் மந்திரவாதி' இச்சிக்கலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. செருக்கினால் தான் விடுவித்த நிழலைக் கெட் என்னும் இளைஞன் துரத்திச் சென்று, தன் பெயராலேயே அதனை அழைத்துத் தன்னுள் ஏற்கிறான். யுங்கின் கருத்திற்கு இதனினும் பொருத்தமான கதை அரிது. ஆயினும் அதனை எழுதுங்கால் தாம் யுங்கைப் படித்திருக்கவில்லை என்று லெ குவின் கூறியுள்ளார். பின்னரே யுங்கைப் பயின்று, 1970களின் நடுவில் குழந்தையும் நிழலும் பற்றிய கட்டுரையை எழுதினார். செல்வாக்கின்றித் தோன்றிய ஒப்புமை என்பதால் தொல்படிமக் கோட்பாட்டினர்க்கு இது வலுவான சான்று.

ஆனால் லெ குவின் அங்கு நிற்கவில்லை. 1990இல் வெளியான 'தெஹானு'வில் ஆற்றலை இழந்த கெட் ஊர் திரும்புகிறான். கதையின் மையம் நடுவயதுக் கைம்பெண்ணான தேனாரும், தீயில் எரிக்கப்பட்டு உயிர்பிழைத்த சிறுமியும் ஆவர். ஆடு மேய்த்தலும் அடுக்களைப் பணியும் காயம் ஆற்றுதலும் அங்கு கதைநிகழ்ச்சிகளாகின்றன. நாயக மரபு ஆண்மையச் சார்புடையது. தம் முந்தைய நூல்களும் அதற்கு விலக்கல்ல என்பதைப் பின்னர் அவரே விளக்கினார். அதே 1990இல் மாரீன் மர்டாக் 'நாயகியின் பயணம்' நூலை வெளியிட்டு, கேம்பலின் சட்டகம் பெண் அனுபவத்தை உள்ளடக்காமையைச் சுட்டினார். பொதுவெனக் கருதப்பட்ட பயணம் ஒரு சாராரின் பயணமாக இனங்காணப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு: நாயகப் பயணம் என்பது இயற்கையில் கிடைத்த பொருளன்று; குறிப்பிட்ட கதைகளைக் குறிப்பிட்ட நோக்கில் தெரிந்தெடுத்து ஆக்கப்பட்ட கருவி. அக்கருவி 1970களுக்குப் பின் படைப்பாக்க வாய்பாடாகவும் தொழிற்படுவதால், ஆராயப்படும் மிகுபுனைவின் காலத்தையும் ஆசிரியரின் பயிற்சியையும் அறிந்த பின்னரே ஒப்புமைக்குப் பொருள் கூறல் வேண்டும். ஒரு கதைக்குப் பல வடிவங்கள் இருப்பின், தெரிவுசெய்த வடிவத்தையும் தெரிவின் காரணத்தையும் ஆய்வாளர் வெளிப்படக் கூறுதல் இன்றியமையாதது.

இதனால் சட்டகம் பயனற்றது என்றாகாது. ஃபிரோடோவின் ஆறாத காயமும் கெட்டின் இழந்த ஆற்றலும், வெற்றியுடன் மீளும் நாயகனை எதிர்பார்க்கும் சட்டகத்தின் பின்னணியில்தான் துலங்குகின்றன. சட்டகம் ஆய்வின் முடிவிடமாக அமையாது, விலகல்களைக் காணும் தொடக்கமாக அமையுமானால், தமிழில் மிகுபுனைவு ஆய்வு பட்டியலிடுதலைக் கடந்து விளக்கமளித்தலுக்கு முன்னேறும்.